மெதுவாக மாறுபவை மட்டும்

என் தம்பி வார்ப்படப் பட்டறையில் மயங்கி விழுந்த அன்று, நான் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு வழிகாட்டியின் அறையில் உட்கார்ந்திருந்தேன். மே மாதம். மின்விசிறி சுற்றியும் காற்று வரவில்லை. பலகையில் அம்மா (என் வழிகாட்டியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் அழைப்போம்) ஒரு சமன்பாட்டை எழுதி, அதில் ஒரு உறுப்பின் கீழே கோடு போட்டிருந்தார். அதை விட்டுவிடலாமா, கூடாதா என்று பேசிக்கொண்டிருந்தோம். பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தபோது தம்பி மனைவி பலமுறை அழைத்திருந்தாள்.

"அண்ணி, அவரு வேல செய்ற எடத்துல வுழுந்துட்டாராம். உடம்பு நெருப்பா கொதிக்குதாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வராங்களாம். நீங்க நேரா அங்க வந்துடுங்க அண்ணி."

அழவில்லை அவள். அதனாலேயே பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவரும் எங்களைப் பெற்றவளும் போன பிறகு கீழ் வீட்டில் தம்பியும் அவன் மனைவியும் சின்னப் பெண்ணும், மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் நானும் என்று ஆகிவிட்டது. எனக்குக் கணக்கு வந்தது, படித்தேன். கல்யாணம் தள்ளிப்போய், பிறகு பேச்சே நின்றுபோனது. தம்பி ஐடிஐ முடித்துவிட்டு எண்ணூர் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தான். உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் அவன் மேலிருந்து சூடு அடிக்கும். குழந்தை அவன் வயிற்றில் கை வைத்துவிட்டு "அப்பா சுடுது" என்று சிரிக்கும்.

என் ஆராய்ச்சியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சமநிலையில் இருக்கும் ஒரு பொருளை விவரிப்பது எளிது. மூடிய அறையில் காற்று அசையாமல், எங்கும் ஒரே வெப்பத்தில் இருந்தால் இரண்டு மூன்று எண்கள் போதும். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக வெப்பம் ஓடிக்கொண்டே இருக்கும் இடத்தில்தான் தொல்லை. ஒவ்வொரு துகளும் எங்கே, எந்த வேகத்தில் என்று பின்தொடர எந்தக் கணினியாலும் முடியாது. சரி, சராசரிகளை மட்டும் எடுப்போம் என்றால், அடர்த்தி எப்படி மாறும் என்று சொல்ல வேகம் தேவைப்படும். வேகத்துக்கு அழுத்தம். அழுத்தத்துக்கு வெப்ப ஓட்டம். அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. முடிவில்லாத சங்கிலி. எங்காவது வெட்டி முடிச்சுப் போட வேண்டும். எங்கே வெட்டினால் இயற்கையின் விதி உடையாமல் இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்தவன் இதைக் கேட்டான். அவன் விழுவதற்குச் சில மாதங்கள் முன்பு.

"இன்னாக்கா, வருசக்கணக்கா இன்னாதான் படிக்கிற? எனுக்குப் புரியுறாப்பல சொல்லேன்."

மாடியிலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பது தெரியும். அதைக் காட்டினேன்.

"அந்த லாரிங்கள பாரு. ஒருத்தன் டீ குடிக்க எறங்குறான். ஒருத்தன் ஆரன் அடிக்கிறான். ஒருத்தன் குறுக்க பூந்து முன்னாடி போறான். இதெல்லாம் கொஞ்ச நேரத்துல அடங்கிடும். வரிசை மட்டும் மெதுவா நவுந்துகினே கீது இல்ல? எவ்ளோ நெருக்கமா நிக்குது, எவ்ளோ வேகமா நவுருது, இந்த ரெண்டு தெரிஞ்சா போதும். சீக்கிரம் அடங்குறத வுட்டுட்டு, மெதுவா மாறுறத மட்டும் வச்சிக்கினு கணக்கு போடலாம். எத வுடலாம், எத வுடக்கூடாதுன்னு கண்டுபுடிக்கிறதுதான் என் வேல."

"அப்போ டிரைவரு மூஞ்சி?"

"வாணாம்."

"அவன் எதுக்கு அவசரமா போறான், வூட்ல இன்னா பிரச்சன?"

"அதுவும் வாணாம்."

"நல்ல படிப்புக்கா," என்று சிரித்தான். "எங்க காண்ட்ராக்டரு கூட இதத்தான் படிச்சிருப்பான் போல கீது."

நானும் சிரித்துவிட்டேன். அவனுக்கு அப்படிப் பேச வரும். வாய் வேகம். நடையும் வேகம், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டித்தான் ஏறுவான். அப்படி இருந்தவன்.

மருத்துவமனையில் நான் போய்ச் சேர்ந்தபோது அவனை ஈரத் துணியால் சுற்றி, அக்குளில் ஐஸ் வைத்து, இரண்டு பக்கமும் மின்விசிறி வைத்திருந்தார்கள். கூட வந்த தொழிலாளி ஒருவர் சட்டையெல்லாம் நனைந்து வாசலில் நின்றிருந்தார். "காலைலருந்தே தல சுத்துதுன்னு சொல்லிக்கினு இருந்தான்மா. ஆளு கம்மி. வுட்டுட்டுப் போவ முடியல. வேர்வ நின்னுட்ச்சி, பேச்சு ஒளறல் ஆச்சி, அப்பதான் நாங்க கவனிச்சோம்," என்றார். தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். வழியில் அதே லாரி வரிசையில் ஆம்புலன்ஸ் நின்று நின்று வந்ததாம்.

வெப்பம் எப்படிப் போகும் என்பதை எழுதிக்கொண்டிருந்தவள் நான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். வெளியே உடம்பைவிடச் சூடாக இருந்தால், வேர்வையும் நின்றுவிட்டால், அது உள்ளேயே இருக்கும். இதற்குப் படிப்பே தேவையில்லை.

சில நாள் கழித்துக் கண் திறந்தான். முதலில் கேட்டது தண்ணீர். ஆனால் அந்தச் சொல் வாயில் குழைந்து வேறு ஏதோவாக வந்தது. தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். மயக்க மருந்தால் இருக்கும் என்றேன். டம்ளரை வாங்கக் கை நீட்டினான். கை டம்ளரைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடி தாண்டியது.

மருத்துவர் இளம் பெண். எங்களை ஓரமாக அழைத்துச் சொன்னார். "உயிருக்கு ஆபத்து இல்ல. ஆனா சூடு ரொம்ப நேரம் இறங்காம இருந்திருக்கு. சிறுமூளை பாதிச்சிருக்கு. நினைவு, புத்தி எல்லாம் நல்லாவே இருக்கும். நடை, பேச்சு, கை நிதானம், இதுலதான் கஷ்டம்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"முதல் சில மாசத்துல எவ்வளவு திரும்புதோ அதுதான் பெரிய பங்கு. அதுக்கப்புறம் வர்றது மெதுவாதான் வரும்."

வருமா என்று நான் கேட்கவில்லை. மெதுவாக என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். என் துறையில் அது நல்ல சொல்.

காண்ட்ராக்டர் ஒருமுறை ஆப்பிள் பையோடு வந்தார். "காலைல சாப்புடாம வந்துட்டாம்மா, அதான்," என்று தம்பி மனைவியிடம் சொன்னார். அவள், "நான்தான் சாப்பாடு போட்டு அனுப்பனேன்," என்றாள். அவர் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. தம்பி இடத்தில் அந்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டதாக வேலைக்கூட்டாளிகள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதலில் நன்றாகத்தான் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சுவரை விட்டு நடந்தான். கால்களை அகலமாக வைத்து, அலையில் படகில் நிற்பவன் போல இரண்டு பக்கமும் ஆடி ஆடி. பேச்சும் கொஞ்சம் தெளிந்தது. தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவனை நடக்க வைப்பேன். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பார்ப்பேன். யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள் ஒரு வளைகோடு வரைந்துகொண்டிருந்தேன். தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கும் கோடு. வேகமான பகுதி அது. அது முடிந்ததும் மெதுவான பகுதி தொடங்கும், அதில் பொறுமையாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். கோடு தட்டையானது. தட்டையாகவே இருந்தது. மிக மெதுவாக மாறும் ஒன்றும், மாறாமலே இருக்கும் ஒன்றும் கொஞ்ச நாள் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

ஒருநாள் சந்தின் நடுவில் நின்றுவிட்டான்.

"அந்த போன உள்ள வைக்கா."

"சும்மா டைம் பாக்கறேன்டா."

"நேத்தும் அதே டைம்தான. முந்தா நேத்தும் அதேதான. என் காலுக்குத் தெரியாதா?" ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக இழுத்து இழுத்துச் சொன்னான். "நடக்கச் சொல்லு, நடக்கறன். அளக்காத."

அதன் பிறகு அளக்கவில்லை.

பிசியோதெரபி பயிற்சிக்கு வாரத்தில் சில நாள் ராயபுரம் பக்கம் போக வேண்டியிருந்தது. ஒரு காலையில் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஏறும்போது அவன் தடுமாறி எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணியின் மடியில் கை ஊன்றிவிட்டான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டான் பாரு. கலீஜு."

தம்பி ஏதோ சொல்ல வாய் திறந்தான். "இல்லம்மா, எனுக்கு" என்று தொடங்கியது குழறிப் போனது. கோபத்தில் பேச்சு இன்னும் மோசமாகும் அவனுக்கு. அவன் பேசப் பேச, குடித்திருக்கிறான் என்பது ஆட்டோவில் எல்லோருக்கும் உறுதியாகிக்கொண்டே வந்தது. டிரைவர் ஓரம் கட்டினார்.

"மாமு, எறங்கு. எனுக்கு பேஜாரு வாணாம்."

"அவன் குடிக்கலங்க. உடம்பு சரியில்லாதவன்," என்று கத்தினேன். கத்தியதுதான் மிச்சம். யாரோ ஒருவர், "அக்கா பாசம்," என்றார். தம்பி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். "வுடுக்கா. வா, எறங்கலாம்."

மேம்பாலத்துக்குக் கீழே நிழலில் நின்றோம். அவனுக்கு இப்போது கொஞ்சம் வெயிலும் தாங்காது, முகம் சிவந்து தலை சுற்ற ஆரம்பித்துவிடும். பாட்டில் தண்ணீரைக் கழுத்தில் ஊற்றினேன். அன்று பயிற்சிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு தெருவில் இறங்குவதையே குறைத்துக்கொண்டான்.

அந்த மாதங்களில்தான் என் ஆய்விலும் ஓட்டை விழுந்தது. என் முறை இப்படி. வாயுவின் எல்லா நிலைகளும் சேர்ந்த பெரிய வெளியில் ஒரு மெல்லிய வளைந்த பரப்பு இருக்கும். எங்கே தொடங்கினாலும் பாதைகள் முதலில் சட்டென்று அந்தப் பரப்பில் வந்து விழும். பிறகு அதன் மேலேயே ஊர்ந்து சமநிலையை நோக்கிப் போகும். பரப்பைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதை மறந்துவிடலாம். முதலில் தோராயமாக ஒரு பரப்பை ஊகிக்க வேண்டும். உண்மையான ஓட்டம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும், மறுபடி பார்த்துத் திருத்த வேண்டும். மூடிய வாயுவில் ஒழுங்கின்மை (என்ட்ரோபி) தானாகக் குறையாது என்பது இயற்கையின் விதி; எந்தத் திருத்தத்திலும் அது குறைந்துவிடக் கூடாது, குறைந்தால் விடை பொய். அந்த விதி உடையாமல் திருத்தும் வழிதான் என் நான்காம் அத்தியாயம்.

அம்மா அதைப் படித்துவிட்டு அழைத்தார். அவருக்கு ஓய்வு பெறும் வயது. கடுமையாகப் பேசமாட்டார்.

"வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும்னு எடுத்துக்கிட்டீங்க. வாயு மெலிய மெலிய அந்த இடைவெளி சின்னதாயிட்டே வருதே, பார்த்தீங்களா? ஒரு கட்டத்துல மூடிக்குது. அங்க உங்க பரப்பே இல்ல."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. எது வேகமானது, எது மெதுவானது என்று பிரிக்க முடியாத இடம் அது. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. எதையும் விட முடியாது.

"இனிமே என்ன பண்றதும்மா?"

"எது வரைக்கும் உங்க முறை செல்லும்னு சொல்லுங்க. அதுக்கு அப்பால தெரியாதுன்னு எழுதுங்க. அதுவும் ஒரு முடிவுதான்."

பல ஆண்டு உழைப்பை "இதற்கு அப்பால் தெரியாது" என்று எழுதி முடிப்பது எளிதாக இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். எதற்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நாட்களில் எல்லாமே ஒரே கனமாகத்தான் இருந்தது.

தம்பி மனைவி மீஞ்சூர்ப் பெண். தண்டையார்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். இப்போது வீட்டின் சம்பாத்தியம் அவளுடையதும், எனக்கு வரும் உதவித்தொகையும் மட்டும்தான். கூடுதல் நேரம் பார்த்துவிட்டு வருவாள். குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தம்பியால் முடியாது. ஒருநாள் குழந்தை கேட்டைத் திறந்துகொண்டு நெடுஞ்சாலை வரை போய்விட்டது. பின்னாலேயே ஓடப் பார்த்து அவன் வாசலில் குப்புற விழுந்தான். பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கி வந்து கொடுத்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பிக்குத்தான் தாடை கிழிந்திருந்தது.

மறுநாள் துணி காயப்போட மாடிக்கு வந்தவள் என் அறை வாசலில் நின்றாள்.

"அண்ணி, நீங்க படிச்சவங்க. உண்மைய சொல்லுங்க. அவரு பழையபடி ஆவாரா?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இப்ப இருக்கறதுக்கு மேல பெருசா வராதுன்னுதான் தோணுது," என்றேன்.

ஈரத் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா வூட்டுக்குப் போலாம்னு பாக்கறன். அங்கன்னா கொயந்தைய அம்மா பாத்துக்கும். எனுக்கும் பக்கத்துலயே வேல கெடைக்கும் போலக் கீது. அவரையும் வான்னா வரமாட்டன்றாரு. மாமியா வூட்ல குந்திக்கினு சாப்புட மாட்டாராம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நான் வுட்டுட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க அண்ணி," என்றாள்.

நினைக்கவில்லை. அதை அவள் நம்பினாளா என்று தெரியாது. அந்த மாதக் கடைசியில் இரண்டு பையும் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளுமாக ரயில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகப் பேச்சு. தம்பி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "சோறு நான் வடிக்கறன், நீ படிப்ப முடிக்கா," என்றான். கை நடுங்கும் என்பதால் வடிக்க விடவில்லை. குக்கர் வாங்கி வந்தேன். காய் மட்டும் நறுக்குவான், பெரிது பெரிதாக.

நான்காம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். முறை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்கு ஒரு எல்லையை நிறுவ முடிந்தது. நான் நினைத்ததைவிட மிகச் சிறிய நிலம்தான். ஆனால் அது உறுதியான நிலம்.

வாய்மொழித் தேர்வுக்குத் தம்பி வருவேன் என்றான். வாடகைக் கார் வைத்து அழைத்துப் போனேன். பின் வரிசையில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டான். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"துகள்களோட சமன்பாட்டுல காலத்தைப் பின்னாடி ஓட்டினாலும் எல்லாம் சரியாத்தான் இருக்கும். உங்க சுருக்கின சமன்பாட்டுல அப்படி ஓட்ட முடியாது. திரும்பி வர்ற வழி எங்க போச்சு?"

"நாம விட்ட மாறிகள்லதான் சார் போச்சு," என்றேன். "அது அழியல. நாம அதைப் பின்தொடர்றத நிறுத்திட்டோம். நிறுத்தினதுக்கு அப்புறம், நம்மகிட்ட இருக்கறத வச்சு திரும்ப முடியாது."

தலையசைத்தார். கையெழுத்துப் போட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் இனிப்பு சாப்பிட்டார்கள். எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காலில் செருப்பு கடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

திரும்பும்போது காரில் தம்பி கேட்டான். "அந்தப் பெருசு கடசியா இன்னா கேட்டாரு?"

எளிமையாகச் சொன்னேன். கொஞ்ச தூரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.

"பசிக்குதுக்கா," என்றான்.

இப்போது மாதவரம் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியராக இருக்கிறேன். ஆராய்ச்சியைத் தொடர நேரமில்லை. தம்பி வீட்டில் இருக்கிறான். டிவி பார்க்கிறான், காய் நறுக்குகிறான், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மாடியில் உட்கார்ந்திருக்கிறான். பட்டறையிலிருந்து ஒரு வேலைக்கூட்டாளி மட்டும் எப்போதாவது வருவார். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். கோபம் இல்லை, அவர்களுக்கும் ஷிஃப்ட் இருக்கிறது. தம்பி மனைவி வருவதும் எல்லா ஞாயிறும் என்பதிலிருந்து குறைந்துவிட்டது.

போன ஞாயிறு வருவதாகப் போன் செய்திருந்தாள். தம்பி சவரம் செய்யச் சொன்னான். செய்துவிட்டேன். அவன் தானாகவே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டான், பித்தான்களை மட்டும் நான் போட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்து வந்தான். ரயில் தாமதம். நடைமேடை பெஞ்சில் தலையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தான். வண்டி வந்து நின்றதும் குழந்தை அம்மா கையை உதறிவிட்டு ஓடி வந்தது. வளர்ந்திருந்தது. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, "நடப்பா," என்றது.

அவன் எழுந்து நடந்தான். குழந்தை ஒரு கணம் அவன் கால்களைப் பார்த்தது. பிறகு அதுவும் கால்களை அகலமாக வைத்து, அவன் ஆடும் பக்கமெல்லாம் தானும் ஆடி, கூடவே நடக்க ஆரம்பித்தது. கேலி இல்லை. அப்பாவோடு அப்படித்தான் நடக்க வேண்டும் என்று நினைத்திருக்கும். தம்பி குனிந்து பார்த்துச் சிரித்தான். எதிரில் வந்தவர்கள் இருவரையும் பார்த்து ஒதுங்கி வழி விட்டார்கள்.

தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பைகளில் ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். அவர்களுக்குப் பின்னால், அவர்களுடைய வேகத்திலேயே நடந்தோம்.